கண்ணாடியில் தெரிந்த கிளாஸ்

வாடகை வேன் ஓட்டுகிற தொழிலில் செத்த வீட்டுக்குப் போகிற ஹயர் பயணம்கூட ஒழுங்காக முடிந்துவிடும்; நண்பர்கள் சேர்ந்து பார் பாராக ஏறி இறங்குகிற ஹயர்தான் ஓட்டுகிறவனின் உயிரை வாங்கும். ஸ்டியரிங் பிடிக்கிற சகோதரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் எனக்கு வாய்த்த கூட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

ஏறும்போதே

மூன்று பேர். ஒரே அலுவலகத்தில் கிளார்க்குகள். ராஜு எனக்குப் பழக்கமானவர், அடிக்கடி ஹயர் பிடித்துத் தருகிறவர். நிமல் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மூன்றாமவர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மற்ற இருவரும் ஐஸ் பெட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் என் ஜன்னல் பக்கம் வந்தார். ஈரல் கெட்டு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். இனிச் சாராயத்தைத் தொட்டால் ஆள் மிஞ்சாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஏழு மாதமாகத் தொடவில்லை.

பிறகு எதற்கு இந்தப் பயணம் என்று கேட்டேன்.

"வீட்டில தனிய இருந்தா அதைத்தான் யோசிப்பன் அண்ணை. இவையளோட வந்தா கொஞ்சம் சிரிக்கவாவது செய்யலாம்."

கவிழ்த்த கிளாஸ்

கண்டி டவுனில் முதல் பார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிற ட்ரைவருக்கு ஒரு தட்டுச் சோறு சும்மா கிடைக்கும், அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். நானும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெயிட்டர் மூன்று கிளாஸ் வைத்தான். சிவநேசன் தன்னுடையதைக் கவிழ்த்தார். ராஜு நிமிர்த்தினார். அவர் கவிழ்த்தார். மறுபடியும் நிமிர்த்தல், மறுபடியும் கவிழ்த்தல். நிமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனி வியாதிக்காரன் தட்டில் லட்டை வைத்து யாராவது இப்படி மல்லுக்கட்டுவார்களா? ஈரல் என்றால் மட்டும் ஏன் பகிடி? இவ்வளவையும் மனதுக்குள் கேட்டேனே தவிர, கை சோற்றைப் பிசைந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில் சிவநேசன் ஒரு ஜின்ஜர் பியர் கேட்டார், பெயர்தான் பியர், வெறும் இஞ்சிச் சோடா. ராஜு கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"டொக்டர்மாரு அப்படித்தான் பயம் காட்டுவாங்க சிவா. சொன்ன மனுசனே இந்நேரம் எங்கயாச்சும் அடிச்சிக்கிட்டு இருப்பாரு."

மூடிய கதவு

தெல்தெனியப் பக்கம் ஒரு பாரில் குடிக்கும்போது கடித்துக்கொள்ளக் காட்டுப் பன்றி பைட் நன்றாக இருக்கும் என்று அங்கே விடச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது மத்தியானத்துக்குக் கதவை மூடிவிட்டார்கள். நான் மெதுவாக ஓட்டியதுதான் காரணமாம். வழியில் இரண்டு தடவை மூத்திரத்துக்கு நிறுத்தச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. நிமல் கதவைத் தட்டிக்கொண்டே நின்றார். வாசலில் இருந்த காவல்காரர் எழும்பாமலே சொன்னார்:

"அஞ்சு மணிக்கு வாங்க மாத்தயா, சாராயம் எங்கயும் ஓடிப் போகாது."

திரும்பும் வழி

அவர்களிடம் ஐஸ் பெட்டிக்குள் ஒரு சாராயப் போத்தலும் ஜின்ஜர் பியரும் இருந்தன. வேனுக்குள் குடிக்க வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்? சிவநேசன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். தெல்தெனிய டவுனைத் தாண்டும்போது பின்கண்ணாடியில் பார்த்தேன். ராஜு ஒரு கிளாஸில் சாராயத்தை ஊற்றி, அதன் மேல் ஜின்ஜர் பியரை நிரப்பினார். நிமலும் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டார்.

ஹயர்காரர்களின் விஷயத்தில் தலையிடக்கூடாது என்பது நம் தொழிலில் எழுதாத சட்டம். ராஜு கோபித்துக்கொண்டு போனால் அவர் பிடித்துத் தருகிற ஹயர்களும் போகும். விளையாட்டுக்குத்தான் செய்கிறார், கடைசியில் கொடுக்கமாட்டார் என்றும் நினைத்துப் பார்த்தேன். இப்படி ஒவ்வொரு வளைவிலும் எனக்கு ஒரு நியாயம் கிடைத்தது. திகன வந்ததும் சிவநேசன் கண் விழித்தார். "களைச்சிப்போயிட்டீங்க, இதக் குடிங்க" என்று ராஜு கிளாஸை நீட்டினார். சிவநேசன் வாங்கி வாயருகே கொண்டுபோய், அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

நான் வேனை ஓரம் கட்டினேன். "அதுல சாராயம் கலந்திருக்கு ஐயா. குடிக்காதீங்க."

இனி என் வேனுக்கு யார் போன் எடுக்கிறார்கள் பார்ப்போம் என்று ராஜு கத்தினார். சிவநேசன் கிளாஸை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்துவிட்டு, இறங்கி வந்து முன் சீட்டில் ஏறினார். குண்டசாலை வந்ததும், பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"மணத்திலேயே எனக்கு விளங்கிட்டுது அண்ணை. நீங்கள் வாய் திறக்காட்டி நான் குடிச்சிருப்பன்."

ஒரு சொட்டும் தொடாமல் இருபத்தாறு வருடமாக நிதானமாக வண்டி ஓட்டுகிறேன் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு, நாலு சொல் பேசுவதற்குத் தெல்தெனியவிலிருந்து திகன வரைக்கும் ரோடு தேவைப்பட்டிருக்கிறது.