பழைய தண்டவாளத்தில் குட்டி ரயில்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம் தெரியும். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் அதே தண்டவாளம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் பல வருடமாகக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் கதவைத் திறப்பதும் நான்தான். சர்க்கரை வியாதி ஒரு கண்ணைக் கெடுத்துவிட்டதால் இனி கார் ஓட்டவே கூடாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். ரயிலை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

அந்த ரயிலோ தனக்குத் தோன்றிய நேரத்துக்கு வரும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை பிளாட்பாரத்தில் தவம் கிடக்க வேண்டும். அதற்குள் கிளினிக் வாசலில் நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"அக்கா, இன்னும் சீக்கிரமா கெளம்பலாம்ல? இப்படியே போனா நான் வேற ஆளுதான் பாக்கணும்," என்று கிளினிக் டாக்டரம்மா சொல்லிவிட்டார். இதைவிடச் சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் நான் ஸ்டேஷனிலேயே பாய் விரித்துப் படுக்க வேண்டும்.

அந்த ஆத்திரத்தில்தான் எங்கள் வட்டாரக் குடியிருப்பாளர் கூட்டத்துக்குப் போனேன். போக்குவரத்து நெரிசலைக் குறைப்பது எப்படி என்று பேசப் போகிறார்களாம். கூட்டம் மேரு பக்கம் ஒரு மண்டபத்தில். அங்கே ரயில் கிடையாது, நம்பிப் போக பஸ்ஸும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் தொற்றிக்கொண்டு போனேன். ஜாமில் மாட்டி, பார்க்கிங் தேடி, எல்லாரும் வந்து சேர்வதற்குள் தின்ன வைத்திருந்த கறிபாப் ஆறிப்போனது.

என் முறை வந்ததும் எழுந்தேன். "புதுசா எதுவும் கட்ட வேணாம். தண்டவாளம் ஏற்கெனவே இருக்கு. ரெண்டு பெட்டி வச்ச சின்ன ரயிலா விடுங்க, ஆனா அடிக்கடி விடுங்க. பெரிய ரயிலுங்களுக்கு நடுவுல அது பாட்டுக்கு ஓடட்டும்."

அதே தண்டவாளத்தில் ஓடும் சரக்கு ரயிலை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு சிக்னலைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்தவர்களை யோசிக்கச் சொல்லுங்கள் என்றேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஓர் ஆள், "ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது ஆன்டி? கார்லதானே? அங்க பார்க்கிங்கே இல்ல லா!" என்றார்.

அவ்வளவுதான், தூங்கி வழிந்த மண்டபத்துக்கு உயிர் வந்துவிட்டது. யார் காரை எங்கே கீறினார்கள், யார் யாருக்கு அபராதச் சீட்டு வைத்தார்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில், ஸ்டேஷன் பக்கத்தில் மாடி வைத்த பார்க்கிங் கட்டித் தரக் கேட்டு ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். "இந்த நல்ல விசயத்த ஆரம்பிச்சு வச்ச ஆன்டிக்கு ஒரு கைத்தட்டு குடுங்க," என்றார் தலைவர். கார் ஓட்ட முடியாத எனக்குப் பார்க்கிங்குக்காகக் கைத்தட்டல்! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பலமாகத் தட்டினார். அவர் காரில்தான் வீடு திரும்ப வேண்டும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரமே டாக்டரம்மா கவுன்டர் வேலைக்கு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார். "அதுகிட்ட காரு இருக்கு அக்கா, நேரத்துக்கு வந்துரும். மாசக் கடைசி வரைக்கும் இருந்து வேல சொல்லிக் குடுங்க," என்றார்.

முதல் நாள் நான் கதவைத் திறந்து, நோயாளிகளை உட்காரவைத்த பிறகு, வெகு நேரம் கழித்து அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சாரி டாக்டர், ஹைவேல பயங்கர ஜாம்."

"பரவால்லமா. ஜாம்னா நீ என்ன பண்ணுவ லா," என்றார் டாக்டரம்மா, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

ரயில் தாமதம் என்று நான் வந்து நின்ற ஒருநாள்கூட அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. கவுன்டர் நாற்காலியை விட்டு எழுந்து, அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன்.