மயிலத்தில் இறக்கிய ஸ்ட்ரெய்ட் முடி

கோலியனூர் வீரம்மாளின் மருமகள் கலைப்பிரியாவுக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. இதில் அவள் குற்றம் எதுவும் இல்லை என்று கோர்ட்டில் வேண்டுமானால் வாதாடிப் பார்க்கலாம். ஓமந்தூருக்கு அவளைப் பெண் பார்க்க வந்த நாளில் அங்கே வக்கீல் யாரும் இல்லை. படிப்பு சரி, நிறம் பரவாயில்லை, பல்வரிசை ஒழுங்கு என்று ஒவ்வொன்றாகப் பாஸ் போட்டுக்கொண்டு வந்த மாப்பிள்ளை வீட்டார், தலையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"பொண்ணு ஓகேங்க. முடிதான் கொஞ்சம் காடாட்டம் கீது," என்றார் தரகர், ஒழுகும் கூரையைப் பற்றிச் சொல்லுகிற கொத்தனாரின் கவலையோடு. "அத்த மட்டும் ரிப்பேர் பண்ணிக் குடுத்துடுங்க. மீதியை நான் பேசிக்கிறேன்."

ரிப்பேர் திண்டிவனத்தில் ஒரு பியூட்டி பார்லரில் நடந்தது. கண் எரிகிற மருந்தைப் பூசி, சூடான தகடுகளுக்கு நடுவே கற்றை கற்றையாகக் கொடுத்து இழுத்தார்கள். கலைப்பிரியாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கல்யாணப் பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று பக்கத்து நாற்காலிக்காரி உருகினாள். மாலையில் எழுந்தபோது அவள் முடி விழுப்புரம் ஜங்ஷன் தண்டவாளம் போல நேராகக் கிடந்தது. முகூர்த்தமும் உடனே குறித்தார்கள்.

அதன் பிறகு ஒன்பது வருடம் அந்தத் தண்டவாளத்துக்குப் பராமரிப்பு நடந்தது. பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், கலைப்பிரியாவைத் திண்டிவனத்துக்கு அனுப்புவார்கள். "எம் மருமவ தலையில சீப்பு வெச்சா வழுக்கிக்கினு போவும்," என்று வீரம்மாள் தெருவெல்லாம் பெருமை பேசினாள். சீப்போடு முடியும் வழுக்கிக்கொண்டு போனதை அவள் சொல்லவில்லை. குளியலறைச் சல்லடையில் கொத்துக் கொத்தாக அடைத்தது. கணவன் பிரவீன்குமார் உரக்கடை வைத்திருப்பவன். எந்தப் பயிருக்கு எந்தச் சத்துக் குறைவு என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடுவான். மனைவியின் தலை கொட்டுவதைப் பற்றி அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி போவ மாட்டேங்குது, கலை. பார்த்து அள்ளிப் போடு."

பத்தாவது வருடம் பார்லர்காரி பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். பராமரிப்பு தள்ளிப்போனது. ஒருநாள் கலைப்பிரியா தான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டர் ரிசப்ஷனில் உட்கார்ந்து பிடரியைச் சொறிந்தபோது, விரல் எதிலோ மாட்டியது. பழுதடைந்த முடிக்கு அடியில், வேரை ஒட்டி, சின்னச் சின்னச் சுருள்கள். இழுத்தால் நீண்டது, விட்டால் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தாள், மறுபடி விட்டாள். வெளியே டோக்கன் வாங்க நின்ற கூட்டம் சத்தம் போடும்வரை இதையே செய்துகொண்டிருந்தாள். ஒன்பது வருடம் மருந்தடித்தும் சாகாத ஒன்று தன் தலையில் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது வேண்டும் என்று தோன்றியது. கல்யாணமான பிறகு அவள் தனக்கென்று ஒன்றை வேண்டும் என்று நினைத்தது அதுதான் முதல்.

செல்போனில் தேடினாள். அங்கே சுருட்டை முடிக்கென்று ஒரு மதமே நடந்துகொண்டிருந்தது. விலக்க வேண்டிய ஷாம்புகள் இருந்தன, சொல்ல வேண்டிய மந்திரங்கள் இருந்தன, உலர்ந்த தலையில் சீப்பு வைத்தவருக்கு நரகமும் இருந்தது. எல்லாக் குருமார்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: செத்த முடியை வெட்டி எறிந்தால்தான் சுருள் எழுந்து வரும்.

வெட்டுவதா! கலைப்பிரியா ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்துப் பார்த்தாள்.

"முடி ரொம்பக் கொட்டுது அத்தை. கட்டையா வெட்டிக்கலாமான்னு..."

வீரம்மாள் கையிலிருந்த கேப்பைக் களி உருண்டையைத் தட்டிலேயே போட்டாள். "இன்னாது? பொம்பள தலையில கத்தரி வெக்கறதா? குடும்பம் வெளங்குமாடி?"

"கடைக்கு வர்றவங்க இன்னா நெனைப்பாங்க, கலை?" என்றான் பிரவீன்குமார்.

"என் தலைக்கும் யூரியாவுக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"அதுக்கில்ல. ஒரு மரியாதை கீதில்ல."

கொழுந்தன் ராஜ்குமார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணி, உங்க மூஞ்சிக்கு அது செட் ஆவாது," என்று தீர்ப்பைப் பூர்த்தி செய்தான். அவன் குரூப் ஃபோர் தேர்வுக்குப் பல வருடமாகப் படித்துவருகிறவன் என்பதால் வீட்டில் அவன் வார்த்தைக்கு அரசாணையின் மதிப்பு உண்டு.

கலைப்பிரியா ஒரு வாரம் யோசித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, கண்ணை மூடியபடியே சொன்னாள்: "அத்தை, நான் மயிலம் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கினு இருக்கேன்."

கத்தரி என்றால் குடும்பம் அழியும். கத்தி என்றால் குடும்பம் தழைக்கும். இந்த விதியை யார் எழுதினார்கள் என்பது தெரியாது, ஆனால் கோலியனூரில் அது நன்றாக அமலில் இருக்கிறது. வீரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைக்கு வருகிறவர்கள் இப்போது என்ன நினைப்பார்கள் என்று பிரவீன்குமார் கேட்கவே இல்லை; அவனே வேன் பேசினான். 'செட் ஆவாத' மூஞ்சியை ராஜ்குமார் பக்தியோடு பார்த்தான்.

மயிலத்தில் முடி இறக்குகிறவர் தலையை நனைத்துக்கொண்டே, "பூமுடியாம்மா?" என்று கேட்டார். பெண்கள் பெரும்பாலும் ஒரு கொத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்.

"முழுசா, அண்ணே. ஒண்ணு மிச்சம் வெக்காதீங்க."

"பெரிய வேண்டுதல் போல," என்று அவர் மரியாதையோடு கத்தியைத் தீட்டினார். ஒன்பது வருட நேர்மை கொத்தாக மடியில் விழுந்தது. கலைப்பிரியாவின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். அது முருகனுக்கு என்று வீரம்மாள் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கினாள்.

அதன் பிறகு கலைப்பிரியாவின் அந்தஸ்து ஏறியது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஸ்கேன் சென்டர் டாக்டர் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "சந்தனத்தை அழிச்சிடாதம்மா, தெனம் பூசிக்கினு வா. வெறும் மொட்டையைப் பார்த்தா, மெஷினால முடி கொட்டிடுச்சோன்னு பேஷண்டுங்க பயப்படுறாங்க," என்றார்.

ஒரே ஒரு தவறு செய்துவிட்டாள். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களிடம், "வெளிய சொல்லக் கூடாது" என்று சொல்லி வைத்தாள். சொந்தக்காரன் பெயர் போடாத வேண்டுதல் புறம்போக்கு நிலம் மாதிரி. யார் வேண்டுமானாலும் வேலி போடலாம். எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி, உரக்கடை விருத்திக்கு என்று அடித்துச் சொன்னாள். வீரம்மாள் அதைவிடப் பெரிய வேலியாகப் போட்டாள்: "எங்க ராஜுவுக்கு கவர்மெண்டு வேலை கெடைக்கணும்னு அண்ணிக்காரி மொட்டை போட்டுக்கினா. வாயத் தொறந்து சொல்லுவாளா? எனக்குத் தெரியாதா!" கலைப்பிரியா மறுக்கவில்லை. மறுத்தால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும்.

முடி வளர்ந்தது, சுருண்டு சுருண்டு வளர்ந்தது. கலைப்பிரியா ஆளி விதையைக் கொதிக்கவைத்து, வடித்து, அந்தக் கொழகொழப்பைத் தலைக்குத் தடவினாள். அடுப்படியில் ஆறவைத்த கிண்ணத்தை ஒருநாள் ராஜ்குமார் கஞ்சி என்று குடித்துவிட்டு, "உப்பு பத்தல அண்ணி," என்றான். ஈரத்தில் மட்டும் அகலப் பல் சீப்பு போட்டாள். ஒவ்வொரு சுருளையும் விரலில் சுற்றி விட்டாள். கழுத்தைத் தொடும் அளவு வந்தபோது, தலையை ஆட்டினால் அது தனியாக ஒரு முறை ஆடி நின்றது. அதற்காகவே அவள் ஆட்டினாள்.

"இன்னாடி இது, சரியா வழிக்கல போல, முறுக்கிக்கினு வருது," என்றாள் கிருஷ்ணவேணி.

"எனக்கு எப்பவும் இப்படித்தான்கா இருந்துச்சு."

"அய்ய! யார்கிட்ட? கல்யாணத்துல நான் பார்க்கலயா?"

கல்யாணப் போட்டோவை மீறி ஒரு பெண்ணின் தலைக்கு வேறு சரித்திரம் இருக்க முடியாது.

அப்போதுதான் தேர்வு முடிவு வந்தது. ராஜ்குமார் வழக்கம் போலத் தேறவில்லை. படித்தானா என்று யாரும் கேட்கவில்லை. அவனைத் தவிர எல்லாவற்றையும் விசாரித்தார்கள். கேள்வித்தாள், கிரகம், வீட்டின் வாசல்படி என்று சுற்றிவந்த விசாரணை கடைசியில் கலைப்பிரியாவின் தலையில் வந்து நின்றது.

"இப்பத்தான் வெளங்குது," என்றாள் வீரம்மாள், கூடத்தின் நடுவில் உட்கார்ந்து. "மொட்டையை முருகன் ஏத்துக்கல. ஏத்துக்கினு இருந்தா முடி ஒழுங்கா வந்திருக்கும். சுருட்டிக்கினு வருது பாரு, அதான் அடையாளம். வர்ற கிருத்திகைக்குத் திரும்ப ஒரு மொட்டை போட்டுடு. இந்தவாட்டி மனசார." பெண் பார்த்த நாளில் இதே சுருட்டையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியது அவளுக்கு வசதியாக மறந்துபோயிருந்தது.

கலைப்பிரியாவின் கை தானாகத் தலைக்குப் போனது.

"முடியாது அத்தை."

"இன்னாது?"

"அது வேண்டுதலே இல்ல. முடி கெட்டுப் போச்சு. வெட்ட வுடமாட்டேன்னீங்க. அதான் பொய் சொன்னேன். ராஜுவுக்காக நான் எதையும் வேண்டிக்கல."

பக்தை என்ற பட்டம் அந்த நிமிடமே பறிபோனது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. தலை தப்பினால் போதும் என்றிருந்தது. ஆனால் வீரம்மாள் அவ்வளவு லேசாகத் தோற்கிறவள் இல்லை.

"சாமி பேர்ல பொய்யா?" என்று வாயில் அடித்துக்கொண்டாள். "அப்படின்னா ஒண்ணு இல்ல, ரெண்டு தப்பு. தெய்வக் குத்தம். அதுக்கும் பரிகாரம் மொட்டைதான்!"

வேண்டியிருந்தாலும் மொட்டை, வேண்டாவிட்டாலும் மொட்டை. இப்படி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தலையில் போய் முட்டுகிற சட்டம் வேறு எங்கும் கிடையாது.

"போட்டுக்கயேன் கலை," என்றான் பிரவீன்குமார். "முடிதானே, வளந்துடும். அம்மா மனசு நெறையும்."

கலைப்பிரியா அவனைப் பார்த்தாள். பிறகு ராஜ்குமாரைப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒட்ட வழித்து, உச்சியில் மட்டும் சேவல் கொண்டை போல நிறுத்தி, நுனிக்குச் செம்பட்டைச் சாயம் பூசியிருந்தான் அவன்.

"வேலை யாருக்கு அத்தை?"

"ராஜுவுக்கு."

"அப்ப ராஜு போட்டுக்கட்டும். சாமிக்கும் வெலாசம் கொழம்பாது."

ராஜ்குமார் சட்டென்று இரண்டு கையாலும் உச்சியைப் பொத்தினான். "அண்ணி! வெளையாடாதீங்க. அடுத்த மாசம் ஃப்ரெண்டு கல்யாணம் கீது."

"ஆம்பளப் புள்ள தலையில கைய வெக்கற பேச்செல்லாம் வேணாம்," என்று வீரம்மாள் எழுந்தே விட்டாள். "வயசுப் புள்ள, அவனுக்குன்னு ஒரு ஆசை இருக்காதா?"

"இருக்கும் அத்தை," என்றாள் கலைப்பிரியா. குரல் உயரவில்லை. "எனக்கும் கீது. என் தலையிலயும் யாரும் கைய வெக்காதீங்க."

அதன் பிறகு வீரம்மாள் அவளோடு பேசவில்லை. சுவரோடு பேசினாள், அது கலைப்பிரியாவுக்குக் கேட்கிற மாதிரி. எதிர்வீட்டுக்கு, அவள் பொய் பக்தை என்ற செய்தி அவள் பக்தை என்ற செய்தியைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் இடம் கொடுத்த ஒருத்தி, மறுபடி பார்த்தபோது கூடையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டாள். கலைப்பிரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுப்புரம் வரை நின்றாள்.

கிருத்திகை அன்று காலை வேன் வாசலில் வந்து ஆரன் அடித்தது. வீரம்மாள் தேங்காய்ப் பையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கலைப்பிரியா அப்போதுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கணவனின் பழைய பனியனால் சுருள்களைக் கசக்காமல் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா கூப்புட்றாங்க கலை," என்றான் பிரவீன்குமார் கதவருகே நின்று. "சும்மா வந்து கும்புட்டுட்டு வந்துடு. யாரும் கத்தியைத் தூக்கினு வரப்போறதில்ல."

"சத்தியமா?"

அவன் வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அந்த ஒரு பார்வை அவளுக்குப் போதுமாக இருந்தது.

"நீங்க கெளம்புங்க. இது காயறதுக்கு மத்தியானம் ஆவும்," என்று சொல்லி, அவள் விரலில் அடுத்த சுருளைச் சுற்ற ஆரம்பித்தாள்.

வேன் புறப்பட்டது. யாராவது ஒருவர் முடி கொடுத்தே ஆகவேண்டும் என்று வீரம்மாள் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். உள்ளே அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று மூன்று தலைகள் இருந்தன. எது மயிலத்தில் இறங்குவது என்று கூட்டேரிப்பட்டு வரைக்கும் பலத்த பேச்சுவார்த்தை நடந்ததாக வேன் டிரைவர் சொன்னார். அந்தப் பேச்சுவார்த்தையில் கலைப்பிரியாவின் தலை இல்லை.