சித்தப்பாவின் தமிழ்

சித்தப்பாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே, என் போனில் ரெக்கார்டர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கல்நெஞ்சக்காரி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போன ஆண்கள் எல்லாரும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்கள். தாத்தா பர்மாவில் இருந்ததற்கு ஒரு மெடலும் முகம் தெரியாத ஒரு போட்டோவும்தான் மிச்சம். அப்பா எல்லையில் என்னத்தைப் பார்த்தாரோ, கேட்டால் குளிரைப் பற்றி மட்டும் சொல்வார். மிஞ்சியிருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். இலங்கைக்குப் போன படையில் இருந்தவர். இப்போது அவருக்குத் தொண்டையில் புற்று. அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கப்புறம் குரல் கிடையாது.

இதில் இன்னொரு தொல்லை, சித்தப்பா தமிழ் பேச மாட்டார். தெரியாமல் இல்லை. பெங்களூர் ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சித்தி தமிழில் கேட்பாள், அவர் கன்னடத்தில் பதில் சொல்வார். பிள்ளைகளிடமும் அப்படித்தான். எங்கள் தெருவில் ஒரே மூச்சில் இரண்டு பாஷையும் உருளும் என்பதால் வெளியாளுக்கு இது கண்ணில் படவே படாது.

வீட்டில் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அவர் பென்ஷனோடு ஊர் திரும்பிய கொஞ்ச காலத்தில் காவிரிக் கலாட்டா வந்தது. தமிழ்ச் சத்தம் வெளியே கேட்டால் அடி விழும் என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அந்தப் பயத்தில் கன்னடத்துக்கு மாறிய மனுஷன் பிறகு திரும்பவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அப்பா தன் தம்பியை முகத்துக்கு நேராகவே பயந்தாங்கொள்ளி என்பார். சண்டைக்குப் போய் வந்தவன் தெருக் கலாட்டாவுக்கு நடுங்குகிறானே என்று கல்யாணப் பந்திகளில் ஒரே கேலியாக இருக்கும். சித்தப்பா தலையைக் குனிந்து இலையைப் பார்த்துச் சாப்பிடுவார். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை சித்தி அல்சூர் கோயிலுக்கு வேண்டுதலுக்குப் போயிருந்தாள். போனை அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். "பேடம்மா" என்று கையை ஆட்டினார். வேண்டாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தாத்தாவும் சொல்லல, அப்பாவும் சொல்லல. நீங்களும் இப்படியே ஆபரேஷனுக்குப் போயிட்டா, நாளைக்குப் பசங்க கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

போனைப் பார்த்தார். சித்தி எப்போது வருவாள் என்று கன்னடத்தில் கேட்டார். நேரமாகும் என்றேன். அப்புறம் பேச ஆரம்பித்தார், தமிழில். தூக்கிவாரிப் போட்டது. கரகரத்த குரல்தான், ஆனாலும் எங்கள் தெருத் தமிழ் ஒரு எழுத்துக் குறையாமல் அதில் இருந்தது.

இலங்கையில் அவர் இருந்த படைக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தானாம். ஒரு தெருவில் சண்டை மூளும் முன்பு அங்கிருந்த ஜனங்களை வெளியேற்ற வேண்டும். மற்றவர்கள் கத்திப் பார்த்தார்கள், ஒரு கதவும் திறக்கவில்லை. ஜீப்பில் லவுட் ஸ்பீக்கரைக் கட்டி இவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அன்று சொன்னதை அப்படியே என் போனைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, அய்யா, பயப்படாதீங்க. நானும் தமிழ்தான். உங்க வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சுக்குங்க. வெளிய வாங்க. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்."

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு அம்மா நிதானமாக வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாளாம். பூட்டினது போதும் வாங்கம்மா என்று அதையும் மைக்கிலேயே சொன்னாராம். அவர்கள் பாதித் தெரு வந்திருப்பார்கள், சுட ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பக்கத்துக் குண்டு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. விழுந்தவர்களில் அந்த அம்மாவும் உண்டு.

"உள்ளயே இருந்திருந்தா பொழச்சிருப்பாங்க. தமிழ்ல கூப்பிட்டதாலதான் வந்தாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் தமிழ்ல பேச எனக்கு வாய் வரல."

அப்படியானால் கலாட்டாவுக்குப் பயந்தது பொய்யா என்று கேட்டேன்.

"உங்கப்பா அப்படிச் சொன்னப்ப நிம்மதியா இருந்துச்சும்மா. பயந்தாங்கொள்ளிகிட்ட யாரும் மேல கேக்க மாட்டாங்க."

எனக்கு அழுகை வந்தது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளைகளுக்கு என்றைக்காவது போட்டுக் காட்டு, ஆனால் செத்தவர்கள் கதை சித்திக்குத் தெரியக் கூடாது, அவள் தாங்க மாட்டாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஆபரேஷன் முடிந்து கழுத்தில் ஓட்டையோடு வீடு திரும்பினார். பசி, தண்ணீர், ஃபேன் எல்லாவற்றுக்கும் கை ஜாடை. கொஞ்ச நாள் பார்த்த சித்தி ஒரு மத்தியானம் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் அவர் குரலைப் பதிந்து வைத்திருப்பது எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது. ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். சித்தப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அவரைப் பார்த்தேன். முதலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

மைக்கில் கூப்பிட்ட இடத்தை மட்டும் போட்டு, கதவுகள் திறக்கும் முன்பே நிறுத்தினேன். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தமிழ்டி, தமிழ்டி என்றாள். யாரைக் கூப்பிடுகிறார் என்று கேட்டாள். அங்கே ஒரு தெரு ஜனங்களை என்றேன். இன்னொரு வாட்டி போடச் சொன்னாள். போட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"எவ்ளோ பாசமா கூப்பிடறார் பாருடி. இப்படிக் கூப்பிட்டா யாருதான் வராம இருப்பாங்க?"

சித்தப்பா நாற்காலியைப் பிடித்து எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.