பாபின் டப்பாவில் ஒரு பாட்டு

என் அண்ணன் தையல் மெஷின் மெக்கானிக். எந்த மெஷினைக் கொடுத்தாலும் ஓடவிட்டுக் காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். வாயைத் திறந்து பேசுவதுதான் அபூர்வம். வீட்டில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததே நான்தான். எனக்கு வாய் எப்படி என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு நடத்தினோம். அண்ணன் டேப்பை அளவாக நறுக்கி, இரண்டு நுனியையும் ஒட்டி வளையமாக்கி ரெக்கார்டரில் சுற்றவிடுவான். அதில் பதிந்திருக்கும் தையல் மெஷின் சத்தம் எட்டு நொடிக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப வரும். அதற்கு மேலே அவனுடைய சிநேகிதரான பஸ் கண்டக்டர் தகர டப்பாக்களில் தாளம் போட்டு நடுநடுவே விசில் ஊதுவார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த நான், அங்கே நம்பர் சொல்லும் அதே குரலில் பாடுவேன். இன்றைக்குப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் செய்வதும் இதைத்தான். அன்றைக்கோ, முதல் கச்சேரியின் மூன்றாவது நிமிஷத்தில் அரங்கத்து எலெக்ட்ரீஷியன், "ஐயோ, ஸ்பீக்கர் வெடிக்கப் போகுது!" என்று ஓடிவந்து மெயினை அணைத்துவிட்டார். ஜனங்கள் அவருக்குத்தான் கைதட்டினார்கள்.

அதற்கப்புறமும் சளைக்காமல் ஒரு பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்தோம். அந்தப் பதிவு இருந்தது ஒரே ஒரு ரீலில். அதை ரெக்கார்டு கம்பெனியில் கொடுப்பதற்காகக் கண்டக்டர் பெட்டியோடு தன் தோல் பைக்குள் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனார். கம்பெனியில் எடுத்துப் பார்த்தால் பெட்டியின் மூடி கழன்றிருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. சில்லறை எடுக்கும்போது பஸ்ஸில் எங்கேயோ விழுந்துவிட்டது என்று அழுதுகொண்டே எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் சும்மா விட்டேனா? "பொறுப்புன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க!" என்று கத்தினேன். மனுஷர் ரோஷக்காரர், மிதிக்கவே இல்லை. குழுவும் அதோடு கலைந்தது. அண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என்றைக்குத்தான் பேசினான் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் வானொலி நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அன்றைக்கு மெயினை அணைத்தவரின் மகளாம். "அப்பா அந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை மேடம். காலத்துக்கு முன்னாடியே வந்துட்ட குழுக்களைப் பத்தி ஒரு நிகழ்ச்சி பண்றேன். உங்க பாட்டு ஏதாவது இருக்கா?"

"எங்கேம்மா இருக்கு? ஒரு புண்ணியவான் தொலைச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

எதிரே மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான். "அவன் தொலைக்கலை. நான் வெட்டிட்டேன்."

அலமாரியிலிருந்து, நூல் சுற்றும் பாபின்களைப் போட்டுவைக்கும் டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே டேப் வளையங்கள், ஐந்து. ரீலைக் கொண்டுபோவதற்கு முந்தின நாள், ஒத்திகை ரீல் என்று நினைத்து அசலையே எடுத்திருக்கிறான். அடுத்த பாட்டுக்கு ஆகும் என்று நல்ல துண்டுகளை நறுக்கி ஒட்டிவிட்டு, மிச்சத்தைக் குப்பையில் போட்டிருக்கிறான். கண்டக்டர் கொண்டுபோனது வெறும் பெட்டி. பை நிறையச் சில்லறை கனத்ததில் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் அழுதுகொண்டு வந்து நின்றபோதுதான் அண்ணனுக்கே விஷயம் உறைத்திருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் பயந்து மூடிய வாயை அப்புறம் திறக்கவே இல்லை.

"அடப்பாவி! வாசல்ல நிக்க வெச்சே அந்த மனுஷரைத் திட்டினேனே!"

"அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"முழிச்சுத்தான் ஆகணும். கிளம்பு."

பழைய ரெக்கார்டரைத் தூசி தட்டி, ஒரு ராத்திரி ஊறப்போட்ட துணியைப் போலக் கனத்த அதைப் பாபின் டப்பாவோடு பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது.

கண்டக்டர் ரிடையர் ஆகி, மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரீலைப் பத்திக் கேக்க வந்தீங்களா? பஸ்ஸுல விட்டுப்போன சாமான் வைக்கிற டிப்போ ஸ்டோர்ல வருஷா வருஷம் தேடினேம்மா. குடை கிடைச்சுது, யாரோட பல் செட்டோ கிடைச்சுது. அது மட்டும் கிடைக்கலை."

அண்ணன்தான் பேசினான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "நீ தொலைக்கலைடா. அசல்னு தெரியாம நான்தான் வெட்டிட்டேன். தெரிஞ்சப்புறமும் சொல்லலை. நீ பழியைச் சுமக்கட்டும்னு விட்டுட்டேன்டா."

கண்டக்டர் அவனையே பார்த்தார். "அப்போ நான் தொலைக்கலையா?"

"இல்லைடா."

"நிஜமாவா?" என்றவர் உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏய், இங்க வா! சீக்கிரம் வா! நான் தொலைக்கலையாம்!"

அவர் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தார். கண்டக்டர் "அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று எழுந்து, "இருபத்தெட்டு வருஷம்டா, கல்நெஞ்சக்காரா!" என்று அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்று கண்டக்டரிடம் சொன்னேன்.

"திட்டினது சரிதாம்மா. ஆளைத்தான் மாத்தித் திட்டிட்டே."

அப்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சில் இருந்த பாரமும் இறங்கியது.

ரெக்கார்டரில் ஒரு வளையத்தை மாட்டி, அதன் மறுபக்கத்தை ஒரு பாபின் மேல் போட்டு அண்ணன் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டான். மெஷின் சத்தம், என் குரலில் பாதி வரி, கண்டக்டரின் விசில். மறுபடியும் மெஷின், பாதி வரி, விசில்.

"டேப் மாட்டிக்கிச்சா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"பாட்டே அப்படித்தான்டி" என்றார் கண்டக்டர் பெருமையாக. ஐந்து வளையங்களையும், வானொலிப் பெண் போன் செய்த கதையையும் கேட்டு முடித்த பிறகுதான் எங்களை எழுந்திருக்கவே விட்டார்.

நாங்கள் படி இறங்கும்போது மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. "அம்மா, அந்த ரேடியோ பொண்ணுகிட்ட மறக்காம சொல்லிடு. முதல்ல நான் தொலைக்கலைன்னு சொல்லட்டும். அப்புறமாப் பாட்டைப் போடட்டும்!"