மேடும் பள்ளமுமாய் ஒரு நீலம்

பட்டிக்காரி என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே வீட்டுக்காரனோடு சாரம் ஏறியவள். அவன் சுவருக்கு வண்ணம் அடிப்பான். அதற்கு முன்னால் மேடுபள்ளம் அடைக்கும் பட்டி மாவைப் பூசி, உப்புத்தாளால் தேய்த்துச் சுவரைக் கண்ணாடியாக்குவது அவள் வேலை. கடைசியில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து அடிப்பார்கள். இத்தனூண்டு மேடு இருந்தாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நிழல்மேல் அவளுக்கு ஆசை விழுந்துவிட்டது. மிஞ்சிய பட்டியை ஒட்டுப்பலகையில் பூசி, வேண்டுமென்றே வரிவரியாக மேடு விட்டு, டப்பாக்களின் அடியில் கிடந்த வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவாள். ஆளும் இல்லை, மரமும் இல்லை. ஜன்னலோரம் சாய்த்துவைத்தால் ஒரே நீலம் மேட்டில் வெளுத்தும் பள்ளத்தில் கறுத்தும் இரண்டு நீலமாகும்.

"என்னக்கா, ஓதம் ஏறுன சுவரு மாதிரி இருக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

புதிய நூலகத்துக்கு வண்ணம் அடிக்கப் போனபோது, செல்போனில் அவள் காட்டிய பலகையைப் பார்த்து நூலகர் சிரிக்கவில்லை. படிப்பறைச் சுவரில் மாட்ட ஒன்று கேட்டார். அவள் படம் வீட்டைத் தாண்டப்போவது அதுதான் முதல் தடவை.

படத்தை ஏற்றிப்போக வண்டி வரவேண்டிய நாள், கடைக்குப் போய்த் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்காரன் முகமெல்லாம் தூசு. கையில் உப்புத்தாள், முன்னால் அவள் பலகை.

"டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஒரே மேடு. ஊரே பாக்கப்போகுது, நம்ம பேரு கெடலாமா? பாதிக்கு மேல மட்டம் பண்ணிட்டேன்."

"ஏங்க, ஒரு மாசமா அந்த மேட்டைத்தாங்க செஞ்சேன்."

அவன் உப்புத்தாளைக் கீழே போட்டான். "கைப்பழக்கம். சுவருன்னே நெனச்சுட்டேன்."

அவள் பலகையை ஜன்னலுக்குத் தூக்கிப்போய் ஈரத்துணியால் துடைத்தாள். தேய்ந்த இடத்தில் நீலம் போய், அடியில் பூசி மறந்தேபோன மஞ்சள் எட்டிப்பார்த்தது. நல்ல மஞ்சள்தான். ஆனால் வழவழவென்று கிடந்ததால் வெளிச்சம் நிற்க இடமில்லாமல் வழுக்கி ஓடியது.

மஞ்சளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பட்டி கலக்குங்க. கெட்டியா."

அவன் ஓடினான். அவள் மஞ்சளை மூடவில்லை. அதன் ஓரமாகப் பட்டி பூசும் தகட்டை இழுத்து, ஒருபக்கம் உயர்ந்தும் மறுபக்கம் சரிந்தும் ஒரு கரை கட்டினாள். அதற்குள் வண்டிக்காரர் வந்துவிட்டார்.

"என்னம்மா, ஈரமா இருக்கே?"

"படுக்கவெச்சே கொண்டுபோங்கண்ணே. மாட்டுனப்புறம் அங்கேயே வந்து முடிச்சுக்கிறேன். அந்த ஜன்னல் வெளிச்சத்துலதான் தெரியும், எந்த இடத்துல நீலம் வேணும்னு."

மறுநாள் மதியம் படிப்பறையில் அவள் ஏணிமேல் நின்று கரைக்கு நீலம் வைத்தாள். ஜன்னல் வெயில் மேட்டில் ஏறி, நிழல் மஞ்சளுக்குள் மெல்ல இறங்கியது. செய்தித்தாளை மடித்துவிட்டு ஒரு பெரியவர் எழுந்துவந்து விரலை நீட்டினார்.

"தொடாதீங்கய்யா," என்றான் ஏணியைப் பிடித்திருந்த வீட்டுக்காரன். "அந்த மேடெல்லாம் வேணும்னே வெச்சது."