மைலோ டின்னில் போன வளையல்கள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதென்றால் தமிழே காதில் விழாத ஊராகப் பார்த்துப் போக வேண்டும். நான் போய்ச் சேர்ந்தது கோலாலம்பூரில், அதுவும் பிரிக்ஃபீல்ட்ஸில். அறையை விட்டுக் கீழே இறங்கினால் பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, கடை வாசலில் அலறுகிற பாட்டு. வீடியோவில் தெருவைப் பார்த்துவிட்டு, "உனக்கென்னம்மா, நம்ம ஊர் மாதிரியேதான் இருக்கு" என்பார் அப்பா. அதுதான் வினையே. எல்லாம் ஊர் மாதிரி இருக்கும், ஊரில் இருப்பவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். பூக்கடையைத் தாண்டும்போதெல்லாம் அக்கா பின்னாலிருந்து "எனக்கும் ஒரு முழம் வாங்குடி" என்று சொல்லப்போவதுபோல ஒரு நொடி தோன்றும். பனி கொட்டும் ஊர்களுக்குப் படிக்கப் போன என் தோழிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்குக் குளிர் ஒன்றுதான் கவலை.

போன வருடம் ஒரு வாரம் முழுக்க இந்த ஏக்கம் என்னைப் பிடித்து ஆட்டியது. அந்த வெள்ளிக்கிழமை திருச்சியில் அக்காவுக்கு வளைகாப்பு. அதே வெள்ளிக்கிழமை காலையில் நான் என் ஆய்வை வகுப்பின் முன்னால் நின்று விளக்கியாக வேண்டும். தேதியை மாற்ற முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். வளைகாப்பு என்றால் என்ன என்று அந்தச் சீனப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழந்தை பிறந்ததும் போய்க்கொள்ளலாமே" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் வீட்டில் குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபிறகுதான் விருந்தே.

எங்கள் வீட்டில் கதை வேறு. அக்கா கையில் அன்றைக்கு அடுக்குகிற கண்ணாடி வளையல்களைப் பிரசவம் வரைக்கும் கழற்ற மாட்டார்கள். வயிற்றுக்குள் இருக்கிற குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளரும் என்பார்கள். அத்தை போட்ட வளையல், நாத்தனார் போட்டது, எதிர்வீட்டு மாமி போட்டது என்று எல்லார் சத்தமும் அதற்குக் கேட்கும். கூடப் பிறந்த நான் மட்டும் எங்கே போவது? அந்தச் சத்தத்தில் என்னுடையதும் இருக்க வேண்டும். அந்த வாரம் நான் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் வளையல் கடைக்குப் போனேன். "சைஸ் என்னம்மா?" என்று கடைக்கார அக்கா கேட்டார். யோசிக்காமல் என் கையை நீட்டினேன். நானும் அக்காவும் ஒரே வளையல் பெட்டியில் வளர்ந்தவர்கள். அவள் கழற்றி வைத்ததை நான் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன், சாயங்காலம் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். சிவப்பும் பச்சையுமாக அவளுக்கு வாங்கினேன். அளவு பார்க்க என் கையில் ஏறியவற்றைக் கழற்ற மனம் வரவில்லை. எனக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

அறைத்தோழி பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் இந்த நாட்டிலேயே, பக்கத்துக் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள்.

"இந்தியாலேருந்து வர்ற வளையல இந்தியாவுக்கே அனுப்புறியா? ஏன் லா, அங்க கடையே இல்லையா?"

கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் வாய் பேசிக்கொண்டிருந்தபோதே அவள் கை கைப்பேசியை எடுத்துவிட்டது. அவளுடைய மாமா கோயில் பயணமாகப் புதன்கிழமை திருச்சிக்கு விமானம் ஏறுகிறார். மறுநாளே என்னைக் கொமுட்டர் ரயிலில் ஏற்றிக் கிள்ளானில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

மாமா பையைத் தூக்கிப் பார்த்தார். "கண்ணாடியா? பேக்ல போட்டா ஒடஞ்சிரும்மா." தோழியின் அம்மா உள்ளே போய், பாலில் கலக்கிக் குடிக்கிற மைலோ மாவின் காலி டின் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய துண்டை அடியில் போட்டு, வளையல்களை உருளையாகச் சுற்றி அடுக்கி, மூடியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டினார். அப்புறம் கோழிப் பிரட்டலோடு சோறு போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு வளைகாப்பு வச்சப்போ என் தங்கச்சி பந்திங்லேருந்து மோட்டர்சைக்கிள்ல வந்தா. என்னா மழை தெரியுமா. நனைஞ்சிக்கிட்டே வந்து போட்டுட்டுப் போனா."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பந்திங் என்ன தூரம், பக்கத்து ஊர். மழையில் நனைந்தால் போதுமென்றால் நான் திருச்சி வரைக்கும் நனைந்துகொண்டே போயிருப்பேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். "இன்னும் கொஞ்சம் தப்பாவ் பண்ணித் தரேன், நாளைக்குச் சாப்பிடு" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

புதன்கிழமை மாமா கிளம்பிப் போனார். வியாழக்கிழமை நாள் முழுக்க என் ஸ்லைடுகளில் எழுத்துகள் இருந்தன, என்னால்தான் எதுவும் படிக்க முடியவில்லை. மத்தியானம் அப்பா அழைத்தார்.

"மைலோ வந்து சேந்துச்சும்மா. நல்ல மனுஷன், வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போனாரு. எதுக்கு இவ்ளோ தூரத்துலேருந்து மைலோல்லாம்?"

"அப்பா, அது மைலோ இல்ல. டின் எங்க?"

"அடுக்களை அலமாரில. அம்மா விசேஷத்துக்கு வாங்குன டீத்தூளுக்குப் பின்னாடி வச்சிட்டா."

அம்மாவைப் பேச வைத்து, டின்னை எடுக்க வைத்து, டேப்பைப் பிரிக்க வைத்து, ஒன்றுகூட உடையவில்லை என்று கேட்டபிறகுதான் மூச்சு வந்தது. "மைலோவ யாருடி இப்படிச் சுத்திச் சுத்தி ஒட்டுவாங்கன்னு நானும் பாத்தேன்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை என் ஆய்வை எப்படி விளக்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நன்றாகச் செய்தாய் என்றார்கள். வெளியே ஓடிவந்து மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ போட்டேன். இங்கே மத்தியானம், அங்கே நல்ல நேரம் நடந்துகொண்டிருந்தது. அரக்குப் பட்டுப்புடவையில், கன்னமெல்லாம் சந்தனமாக அக்கா உட்கார்ந்திருந்தாள். கை நிறைய வளையல். அம்மா என்னுடையதை எடுத்து ஒன்றைப் போட்டாள்.

அது விரல் முட்டியைத் தாண்டவில்லை.

அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ சோப்பு போடச் சொன்னார்கள். அக்காவின் கை வீங்கியிருந்தது. விரல்கள்கூட அவளுடையவையாகத் தெரியவில்லை. மாதக்கணக்காக நாங்கள் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் வீடியோவில் முகத்தைத்தானே பார்க்கிறோம், கையை யார் காட்டுகிறார்கள்? நான் வந்தபோது விட்டுவிட்டு வந்த கைக்கு வளையல் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

"அழுத்தாத, இன்னிக்குப் போயி ஒடஞ்சா நல்லாருக்காது. எடுத்து வை, பொறந்தப்புறம் போட்டுக்கட்டும்" என்றார் அத்தை. அம்மா வளையல்களை மறுபடி டின்னுக்குள் போட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"ஏய், உன் கைல என்னடி? அதே வளையலா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப நீ ஆட்டு" என்றாள். அடுத்த நொடி திரை முழுக்க அரக்குப் பட்டு மட்டும் தெரிந்து, அதுவும் இருட்டாகிப் போனது. கைப்பேசியை வயிற்றின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து கையை ஆட்டினேன். என்னோடு படிக்கிறவர்கள் இறங்கிப் போனார்கள். ஒருத்தன் நின்று பார்த்துவிட்டுப் போனான். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. இணைப்புப் போய்விட்டது என்று நினைத்துக் கையைக் கீழே போட்டேன்.

"நிறுத்தாதடி" என்றாள் அக்கா.