ஈரம் பார்க்கும் டப்பா அக்கா

என் அக்காவுக்குத் துறைமுகத்தில் டப்பா அக்கா என்று பெயர். கப்பலில் ஏற்றும் முன் இரும்புத்தாதுவில் ஈரம் பார்ப்பது அவள் வேலை. ஆயிரம் கருவி இருக்கட்டும். தகர டப்பாவில் பாதிக்குத் தாதுத் தூளைப் போட்டு, சிமெண்டுத் தரையில் இருபத்தைந்து தடவை தட்டிப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. மேலே தண்ணீர் மினுமினுத்தால் ஏற்றக் கூடாது. ஈரத் தூள் கடலில் குலுங்கிக் குலுங்கிக் கூழாகும், ஒரு பக்கமாகச் சாயும், கப்பலும் கூடவே கவிழும்.

அந்த வருடம் தாது விலை விழுந்து, மூன்று மாதமாக ஒரு கப்பலும் வரவில்லை. நாட்டின் வளர்ச்சியே எங்கள் மண்ணில்தான் இருக்கிறது என்று வானொலியில் முழங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல வளர்ச்சி போங்கள்! வெளிநாட்டில் விலை இறங்கினால் இங்கே எங்கள் அடுப்பு அணைகிறது. நான் கிரேன் ஓட்டுபவன். கப்பல் வந்தால்தான் கூலி. கடைசியில் ஒன்று வந்து நின்றது, மழையும் கூடவே வந்தது. இரண்டு நாளில் ஏற்றாவிட்டால் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும் என்றார் மேனேஜர்.

மழை விட்டு அரை நாள் வெயில் அடித்ததும், மாதிரி எடுத்து வர அக்கா என்னை அனுப்பினாள். குவியலுக்குள் முழங்கை ஆழம் தோண்ட வேண்டும். நான் மேலே காய்ந்திருந்த தூளை வாரிக்கொண்டு வந்தேன். வேண்டுமென்றேதான்.

இருபத்தைந்து தட்டு தட்டினாள். தூள் பொலபொலவென்று கிடந்தது. அக்கா என் சட்டைக் கையைப் பார்த்தாள். அதில் ஒரு பொட்டு மண் இல்லை.

"தோண்டினியாடா?"

"தோண்டினேன்க்கா."

"பொய் சொல்ற மூஞ்சியப் பாரு!"

அவளே போய்த் தோண்டி எடுத்து வந்தாள். பதினெட்டாவது தட்டிலேயே தண்ணீர் மேலே வந்துவிட்டது.

"கப்பல்ல இருக்கிற இருபத்திரண்டு பேரும் உனக்கு மாமனா மச்சானா?" என்று கத்தினேன். "என் பிள்ளைங்க அரை வயித்தோட படுக்குதுங்க, அது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுடா. என் வீட்ல மட்டும் என்ன வாழுது?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. ஆனால் ஏற்றலாம் என்று கையெழுத்துப் போடவில்லை.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். ஊரே அவளை வாயில் போட்டு மென்றது. என் மனைவி அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் கப்பல் காலியாகவே கிளம்பியது. கயிறு அவிழ்க்கப் போன நான் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். விஷயம் தெரிந்த மாலுமிகள் மேல்தட்டில் கூடி அவளைப் பார்த்துக் கையாட்டினார்கள். அவளோடு நின்றதால் நானும் அவள் கட்சி என்று நினைத்துவிட்டான் போல, மீசைகூட முளைக்காத ஒருவன் என்னைப் பார்த்துத் தலைக்குமேல் இரண்டு கையையும் கூப்பினான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.